ஆயிரத்தில் ஒன்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? விசித்திர இலக்க நாணயத்தாள் சேர்க்க ஒரு வழிகாட்டி

ஒரு நூறு ரூபாய்த் தாளுக்கு நான் 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதன் இலக்கம் 358853. முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்றே. கொழும்பில் அதை விற்றவர், "பத்து இலட்சத்தில் ஒன்று தம்பி, விட்டால் கிடைக்காது" என்றார். இரவு ரயிலில் திருகோணமலைக்குத் திரும்பும்போது சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த மாதம் என் கடை லாச்சிக்குள் அதே மாதிரி இரண்டு தாள்கள் வந்து விழுந்தன. ஒன்று கொப்பி வாங்க வந்த பிள்ளை தந்தது, மற்றது யார் தந்தார்கள் என்றே தெரியாது. அன்றைக்குத்தான் கடதாசியும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாக ஒரு கொப்பிக்கடை வைத்திருக்கிறேன். நாலு வருடமாக இந்தப் பைத்தியம். இதில் இறங்க நினைப்பவர்கள் என்னைப்போல் பணத்தைக் கொட்டிப் படிக்கவேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. இலக்கத்தை வாசிக்கப் பழகுங்கள்

பின்பக்கத்தில் நடனக் கலைஞர்கள் இருக்கும் இப்போதைய தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 இல் புழக்கத்துக்கு வந்த தொடர் இது. முன்பக்கத்தில் தொடரிலக்கம் இரண்டு இடங்களில் இருக்கும். முதலில் ஓர் ஆங்கில எழுத்து, அப்புறம் சாய்கோடு, அதன்பின் ஓர் எண். இவை மூன்றும் சேர்ந்தது முன்னொட்டு. இருபது ரூபாய்க்கு 'டபிள்யூ', ஐம்பதுக்கு 'வி', நூறுக்கு 'யூ' எழுத்து வரும். முன்னொட்டுக்குப் பிறகு ஆறு இலக்கங்கள். நாம் துரத்துவது அந்த ஆறைத்தான்.

எழுத்து 'இசட்' ஆக இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாக வைத்த தாள் அது. ஆறு இலக்கமும் சாதாரணமாக இருந்தாலும் சேகரிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். முதல் வருடம் முழுக்க இந்த எழுத்தை நான் கவனிக்கவே இல்லை. எத்தனையை மரக்கறிக்காரரிடம் கொடுத்துத் தொலைத்தேனோ!

2. காசை நீட்டுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

ஆறு இலக்கம் என்றால் ஒரு முன்னொட்டுக்குள் ஏறக்குறையப் பத்து இலட்சம் தாள்கள். அதில் எது எத்தனை வரும் என்பதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம்.

ஆறும் ஒரே இலக்கம், 777777 போல: 9 தாள்கள். வியாபாரிகள் இதைச் 'சொலிட்' என்பார்கள்.

ஏணி எண், 123456 அல்லது 987654 போல: ஏறுவது 5, இறங்குவது 5, மொத்தம் 10.

விகடகவி எண், 358853 போல: சொலிட்டைக் கழித்தால் 990. 'ரேடார்' என்று விற்பது இதைத்தான்.

இரட்டிப்பு எண், 427427 போல: இதுவும் 990. இதை 'ரிப்பீட்டர்' என்பார்கள்.

இரண்டே இலக்கங்களால் ஆனது, 400440 போல: 2,790.

விகடகவி கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒன்று என்று இப்போது தெரிகிறதல்லவா? என் லாச்சியில் ஒரு நாளைக்கு முந்நூறு தாளாவது புரளும். மூன்று நாலு நாளைக்கு ஒன்று கண்ணில் படவேண்டிய பொருளுக்குத்தான் 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். சொலிட் வேறு சாதி. அது ஒரு இலட்சத்துப் பதினோராயிரத்துக்கு ஒன்று. நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, 666666. அதுவும் ஓரம் கிழிந்து வந்தது. கணக்குப்படி இன்னும் இரண்டு மூன்று வந்திருக்க வேண்டும். ஆனால் ஊருக்குள் சுற்றுவது பெரும்பாலும் அதே தாள்கள், நல்லதை எனக்கு முன்னாலேயே யாராவது எடுத்துவிடுகிறார்கள்.

786 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியா, மூதூர்ப் பக்கம், 'பிஸ்மில்லாஹ்'வைக் குறிக்கும் எண் என்று இதற்கு எப்போதும் மதிப்பு உண்டு. அதை வைத்தே கூடுதல் விலை சொல்பவர்களும் உண்டு. ஆறு இலக்கத்துக்குள் எங்காவது 786 வரும் தாள்கள் ஒரு முன்னொட்டில் 3,999. அதாவது 250க்கு ஒன்று. கடைசி மூன்றும் 786 ஆக வருவது ஆயிரத்தில் ஒன்று. 786786 மட்டும் ஒரு முன்னொட்டுக்கு ஒன்றே. முதல் வகைக்குத் தாளின் பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பிறந்த திகதித் தாளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாள், மாதம், வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் என்று வாசித்தால் ஏறக்குறைய ஒவ்வொரு 27 தாளிலும் ஒன்று ஏதோ ஒரு திகதியாக அமையும். விற்பவருக்கு அது அள்ள அள்ளக் குறையாத பெட்டி. தேடுபவருக்கோ தன்னுடைய திகதி முன்னொட்டுக்கு ஒன்றுதான். தேடிக் களைத்த பிறகு நான் கண்டுபிடித்த வழி, பிறந்த வருடத்தை மட்டும் தேடுவது. கடைசி நாலு இலக்கமும் 1987 என்று முடியும் தாள் பத்தாயிரத்தில் ஒன்று. பொறுமை இருந்தால் கிடைக்கும். பிறந்தநாள் பரிசுக்கு அது தாராளமாகப் போதும்.

3. முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்

கைக்கு வரும் தாளைப் பாருங்கள், அவ்வளவுதான். கடை இல்லாதவர்கள் கடை வைத்திருக்கும் உறவுக்காரரைப் பிடியுங்கள். இரவு கணக்கு முடித்ததும் இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களை ஒரு தடவை புரட்டித் தரச் சொல்லுங்கள். எதையாவது எடுத்தால் அதே பெறுமதிக்கு மாற்றுக்காசு வைத்துவிட வேண்டும். இதில் ஒருநாள் பிசகினாலும் அடுத்த நாள் லாச்சி திறக்காது.

மீன் சந்தைத் தாள் ஈரமும் மணமுமாக வரும். இலக்கம் நன்றாக இருந்தாலும் சேகரிப்புக்கு உதவாது. திருக்கோணேஸ்வரத்துக்கு ஏறும் வழியில் உள்ள கடைகளில்தான் எனக்கு அதிகம் அகப்பட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் யாத்திரிகர்கள் தங்கள் ஊர் வங்கியில் எடுத்த தாளைக் கொண்டுவந்து இங்கே மாற்றுகிறார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துக் கடைகளும் அப்படித்தான்.

4. வங்கியில் புதுக்கட்டு எடுப்பது

நான் அதிகம் அல்லாடியது இதில்தான். ஒரு கட்டு என்பது நூறு தாள். இருபது ரூபாய்க் கட்டுக்கு 2,000, ஐம்பதுக்கு 5,000, நூறுக்கு 10,000, ஐந்நூறுக்கு 50,000 ரூபாய் கையில் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் இருபதோடு நிற்கட்டும். இந்தப் பணம் செலவு இல்லை. பார்த்துவிட்டு மீதியைக் கடைகளில் சில்லறையாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: எடுத்த கட்டை மறுநாளே அதே கிளையில் வைப்பிலிடப் போகாதீர்கள். நான் போனேன். காசாளர் ஒவ்வொரு தாளாக எண்ணி முடிக்கும்வரை பின்னால் நின்ற வரிசை என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் அந்தக் கிளையில் ஆறு மாதம் எனக்குப் புதுத்தாள் என்பதே இல்லை.

கொண்டுபோக வேண்டியவை: அந்த வங்கியின் சேமிப்புக் கணக்குப் புத்தகம், தேசிய அடையாள அட்டை, நிரப்பிய மீளப்பெறும் படிவம். கணக்கு இல்லாமல் வெறும் காசை நீட்டி 'மாற்றித் தாருங்கள்' என்றால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். படிவத்தைக் கொடுக்கும்போதே எந்தத் தாள் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எண்ணி வைத்த பிறகு மாற்றச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும்.

நேரம்: அரச சம்பளம் விழும் 25ஆம் திகதியை ஒட்டியும், ஓய்வூதியம் வரும் 10ஆம் திகதியை ஒட்டியும் போகாதீர்கள். திங்கட்கிழமையும் வேண்டாம். போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினத்தில் வங்கியே மூடியிருக்கும். நான் ஒருதரம் அதை மறந்து சீனக்குடாவிலிருந்து வந்த நண்பரையும் இழுத்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றேன். மாத நடுவில், கிழமை நடுவில், காலை பத்தரைக்குப் பிறகு போனால் காசாளருக்கு முகம் பார்த்துப் பேச நேரம் இருக்கும்.

வருடத்தில் புதுத்தாள் தாராளமாக வருவது சித்திரைப் புத்தாண்டுக்கு முன்தான். கைவிசேஷத்துக்கு எல்லோரும் புதுத்தாள் கேட்பார்கள் என்று வங்கிகளும் அதற்கு ஆயத்தமாக இருக்கும். "இப்ப இல்லை அண்ணா, வருஷத்துக்குக் கிட்ட வாங்கோ" என்று நவம்பரில் என்னைத் திருப்பி அனுப்பிய அதே பிள்ளை ஏப்ரல் முதல் கிழமையில் இரண்டு கட்டு எடுத்துத் தந்தார். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் கிண்ணியாவில் கேட்டுப் பாருங்கள். சிறுவர்களுக்குக் கொடுக்கும் பெருநாள் காசுக்காக அங்கும் புதுத்தாள் தேடுவார்கள். ஆனால் அந்த நாட்களில் ஒரு கட்டுக்கு மேல் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்குப் போகவேண்டிய தாள் அது.

கட்டைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் வழி ஒன்று இருக்கிறது. ஒழுங்கான புதுக்கட்டு 01 இல் தொடங்கி 00 இல் முடியும். மேல் தாளின் இலக்கத்தைப் பாருங்கள். நாலாவது இலக்கமும் மூன்றாவதும் ஒன்றானால் உள்ளே ஒரு விகடகவி இருக்கும். நாலாவதும் முதலாவதும் ஒன்றானால் ஓர் இரட்டிப்பு இருக்கும். 427701 என்று தொடங்கும் கட்டுக்குள் 427724 உண்டு. 427401 கட்டுக்குள் 427427 உண்டு. 427 போல ஒரே முதல் மூன்று இலக்கத்தோடு தொடங்கும் ஆயிரம் தாள்களுக்குள் ஒரு விகடகவி, ஓர் இரட்டிப்பு, அதற்கு மேல் இல்லை. 424 மாதிரி வந்தால் 424424 ஒன்றே இரண்டாகவும் நிற்கும். அந்த வகை முன்னொட்டுக்கு 90தான், விடாதீர்கள்.

இந்த விதி 00 இல் முடியும் தாளில் வழுக்கும். 005500 என்ற விகடகவி 005401 இல் தொடங்கும் கட்டின் கடைசித் தாள். அதைத் தேடி நான் 005501 கட்டைப் பிரித்து இரண்டு முறை எண்ணினேன். சில கட்டுகளில் நீங்கள் தேடும் இலக்கமே இருக்காது, அந்த இடத்தில் 'இசட்' தாள் இருக்கும். அப்படியானால் நட்டம் ஒன்றும் இல்லை.

காசாளரிடம் ஐந்தாறு கட்டை எடுத்துக் காட்டச் சொல்லி இலக்கம் பார்த்துப் பொறுக்குவது கூடாது. மேலே இருக்கும் கட்டின் இலக்கம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரியும். பிடித்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் போங்கள்.

5. கிடைத்ததைக் காப்பாற்றுவது

மூன்று பக்கமும் கடல் உள்ள ஊர் இது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. இரும்புப் பூட்டே துருப்பிடிக்கும்போது பருத்தி நாரால் செய்த தாள் என்ன ஆகும்? என் முதல் இருபது தாள்களைப் புத்தகக் கடையில் வாங்கிய சாதாரண அல்பத்தில் வைத்தேன். அடுத்த மழைக்குள் பிளாஸ்டிக் உறை தாளோடு ஒட்டிக்கொண்டது, தாளில் பிசுக்குப் படிந்துவிட்டது. அது பி.வி.சி. உறை. அதிலுள்ள மென்மையாக்கும் இரசாயனம் மெல்லக் கசிந்து தாளைக் கெடுக்கும். மோந்து பாருங்கள், புது மழைக்கோட்டு மணம் அடித்தால் வாங்காதீர்கள். பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்க வேண்டும். இங்கே கிடைப்பது அரிது, கொழும்பு போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். இப்போதைய தொடரில் எல்லாத் தாளுக்கும் உயரம் ஒன்றுதான், பெறுமதி கூடக் கூட நீளம்தான் கூடும். ஐயாயிரம் ரூபாய்த் தாள் நுழையும் உறை வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும்.

காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் பொட்டலமும் உதவும். மாதம் ஒருமுறை வெயில் நாளில் திறந்து பாருங்கள். தாளை வெயிலில் காட்டாதீர்கள், சாயம் மங்கும்.

அப்புறம் கழுவாதீர்கள், மினுக்காதீர்கள். நான் 210012 என்ற அருமையான நூறு ரூபாயை மினுக்குப்பெட்டியால் தேய்த்தேன். மடிப்பு போனது உண்மை. அதோடு விரலுக்குத் தட்டுப்படும் அச்சின் மேடும் தட்டையாகிப் போனது. பார்க்கும் எவருக்கும் உடனே தெரிந்துவிடும். செலோடேப், லமினேற்றிங், இறப்பர் வளையம், ஸ்டேப்ளர் கம்பி எல்லாமே தாளுக்கு எமன். பேனையால் கிறுக்கிய தாளில் நல்ல இலக்கம் வந்தால் மையை அழிக்கப் போகவேண்டாம். வேண்டுமென்றே மாற்றிய, சேதப்படுத்திய தாளுக்கு மத்திய வங்கி பெறுமதி தராது, அப்படிச் செய்வது குற்றமும் கூட.

பதிவுக்கு ஒரு கொப்பி போடுங்கள். முன்னொட்டோடு முழு இலக்கம், தாளில் உள்ள திகதி, கிடைத்த நாள், இடம், கொடுத்த விலை, இவ்வளவும் போதும். போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டலாமே என்று என் கடைக்கே இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் நாணயத்தாளைப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம். இருவரையும் திருப்பி அனுப்பினேன்.

6. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால்

சொலிட், ஏணி, 000001 முதல் 000009 வரையான சிறிய இலக்கம், இவற்றுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மற்றவை பொறுத்தால் கிடைக்கும். நேரில் பாருங்கள், வட்ஸ்அப் படத்தை நம்பாதீர்கள். முதலில் தாளின் இரண்டு இடத்திலும் உள்ள தொடரிலக்கம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள். ஒரு இலக்கத்தைச் சுரண்டி மாற்றியிருந்தால் அந்த இடத்தில் நார் எழும்பி நிற்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெலிந்து தெரியும். 788888 ஐ 888888 ஆக்கத் திருத்த வேண்டியது ஒரே ஓர் இலக்கம்தான்.

தரத்தைப் பற்றி விற்பவர் 'யூ.என்.சி.' என்பார். ஒருமுறைகூடப் புழங்காத, மடிப்பே இல்லாத தாள் என்று அர்த்தம். நடுவில் மெல்லிய மடிப்புக் கோடு இருந்தால் அது யூ.என்.சி. இல்லை, என்ன சொன்னாலும் இல்லை. மூலைகளை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். அமெரிக்க நிறுவனங்கள் 70க்குப் புள்ளி போட்டு உறையில் அடைத்துத் தரும் தரச்சான்று இருக்கிறது. ஆனால் அனுப்பும் செலவும் கட்டணமும் சேர்ந்தால் நம் தாளின் விலையைத் தாண்டிவிடும். சொலிட் கையில் இருந்தால் யோசிக்கலாம்.

பற்றுச்சீட்டு கேளுங்கள், அதில் முழு இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நான் கேட்காமல் விட்டேன். பிறகு போய்க் கேட்டபோது அந்த விற்பனையாளருக்கு என் முகமே ஞாபகமில்லை.

ஞாபகார்த்தத் தாள்களை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 1998 இல் சுதந்திரத்தின் 50 ஆண்டுக்காக வந்த 200 ரூபாய் பிளாஸ்டிக் தாள், 2009 இன் 1000 ரூபாய், 2025 இல் மத்திய வங்கியின் 75 ஆண்டுக்காக வந்த 2000 ரூபாய் எல்லாம் அழகானவை. ஆனால் 2000 ரூபாய் புழக்கத்துக்கென்றே அச்சிட்டது. 'ஞாபகார்த்தம்' என்ற சொல்லுக்காக இலக்கத்தைப் பார்க்காமல் கூட்டிக் கொடுக்காதீர்கள். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. ஞாபகார்த்த வெளியீடு வரும்போது கொழும்புக்கு டிக்கெட் போடுவதற்கு முன் அங்கே கேட்டுவிடுங்கள். பழைய 50, 100 ரூபாய்த் தாள் யாராவது காட்டினால் திகதியைப் பாருங்கள். 1970 இல் அந்த இரண்டு பெறுமதித் தாள்களையும் அரசு செல்லுபடியற்றதாக்கியது. அதற்கு முந்தியவற்றை வங்கியில் மாற்ற முடியாது, சேகரிப்பவர் தரும் விலை மட்டும்தான்.

7. விற்பது

இதில் எனக்கு அனுபவம் குறைவு, மூன்று தாள்தான் விற்றிருக்கிறேன். மூன்றையும் தெரிந்தவர்களிடம், கைக்குக் கை. சாதாரணத் தபால் உறையில் வைத்து அனுப்பாதீர்கள்.

முகநூலில் "உங்கள் 786 தாளுக்கு ஐந்து இலட்சம்" என்று யாராவது செய்தி அனுப்பினால் பதில் போடவேண்டாம். அடுத்த செய்தியில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அதற்கடுத்ததில் வரி. இந்தியாவில் இது பெருகி, தங்கள் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம், தாள் வாங்க விற்கக் கட்டணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 இல் எச்சரித்தது. அதே செய்திகள் தமிழில் நம் கைபேசிக்கும் வருகின்றன. தாளை வாங்குகிறவர் உங்களுக்குக் காசு தரவேண்டுமே தவிர, நீங்கள் அவருக்கு ஏன் தரவேண்டும்?

விலை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்கும் விலையை விட்டுவிடுங்கள், உண்மையில் கைமாறிய விலையை மட்டும் கொப்பியில் எழுதி வாருங்கள். என் 358853 இன்னும் உறைக்குள் இருக்கிறது. போன சித்திரைக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவர் நன்றாகப் பார்த்துவிட்டு 400 ரூபாய் என்றார். அவரும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.